கழுவி வைத்த பாசித் தொட்டி

ராமேஸ்வரம் போகிற பேருந்திலிருந்து பாதி வழியில் இறங்கி, மண்டபம் கடலோரத்தில் நான் முதன்முதலில் வேலை பார்த்த இறால் குஞ்சுப் பண்ணைக்குள் நுழைகிறேன். இருபது வருடம் ஆகிவிட்டது. அதே தொட்டிகள், காற்றுக்குழாயின் அதே சலசலப்பு, மூக்கில் ஏறும் அதே பாசி வாடை.

பாசித் தொட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் தங்கச்சிமடத்து அந்தோணியம்மா அன்றுபோலவே தொட்டித் தண்ணீரைக் கண்ணாடி தம்ளரில் மொண்டு, காலை வெயிலில் தூக்கிப் பார்க்கிறார். டீத்தண்ணி நிறம். கண்ணுக்குத் தெரியாமல் அதில் மிதக்கும் பாசிதான் பொரிந்த குஞ்சுகளுக்கு முதல் சாப்பாடு. நிறம் வெளுத்தால் குஞ்சுகள் பட்டினி.

அவர் என்னை அடையாளம் கண்டதாகத் தெரியவில்லை. வேடிக்கை பார்க்க வந்தவனுக்குச் சொல்வதுபோலத் தொடங்குகிறார்.

“முன்னால இங்கன மதுரயில இருந்து ஒரு சார் வேலைக்கு வந்தாக. மொத நாளே, தண்ணி அழுக்கா இருக்குன்னு பாசித் தொட்டிய அம்புட்டையும் தெறந்துவிட்டு, பளபளன்னு கழுவி வச்சுட்டாக! குஞ்சுக்குச் சோறு போச்சு. பக்கத்துப் பண்ணையில பாசித் தண்ணிய குடம் குடமா வாங்கியாந்துதான் பாதியவாவது காப்பாத்துனோம்.”

அந்த சார் நான்தான்.

“அவர யாரும் திட்டலயா?” என்கிறேன்.

“எங்கிட்டுத் திட்ட? வெறுந்தொட்டிக்குள்ள உக்காந்து அழுதுக்கிட்டுல்ல இருந்தாக.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்புகிறேன். வழியில் குறுக்கே கிடக்கும் தேய்க்கிற பிரஷை ஓரமாக வைக்கக் குனிந்து எடுக்கிறேன். அந்தோணியம்மா ஓடிவந்து அதைப் பிடுங்கிக்கொள்கிறார்.

“அத இங்கிட்டுக் குடுங்க சார். மறுபடியும் கழுவிறப் போறீக.”