சுந்தரியின் பங்கு

முதல் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். பின்சீட்டிலிருந்து ஒருவர் எட்டி என் தோளைத் தொட்டார். "விஷயம் தெரியுமாங்க? சுந்தரியோட ஓனர் போயிட்டாருங்க. காலையில, ஆஸ்பத்திரியில."

சண்முகவேல் அண்ணன் காலமான செய்தி எனக்கு இப்படித்தான் வந்தது. துக்கத்தோடு கூடவே இன்னொன்றும் சுருக்கென்று தைத்தது. சுந்தரி என்பது ஒரு நாய். அந்த நாயின் ஓனர் நான். குட்டியாக வாங்கி வந்தது நான், ஊசி போட்டது நான், இன்றுவரை சோறு வைப்பதும் என் வீட்டில்தான். ஆனாலும் எங்கள் பிளாக்கில் எல்லோருக்கும் அவர்தான் ஓனர். இறந்த அன்றைக்குமா அண்ணே என்று மனம் முணுமுணுத்தது.

அஞ்சலிக் கட்டுரையில் பொறாமைக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். பொறாமையைக் கழித்துவிட்டு அவரைப் பற்றி எழுத எனக்கு வராது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். விருதுநகர் பக்கத்துக்காரர். சுரங்கத்தில் மண் வெட்டும் ராட்சத இயந்திரங்களைப் பழுது பார்க்கும் பிரிவில் இருந்தார். ஓய்வு பெறச் சில மாதங்களே பாக்கி. ஒல்லியான உடம்பு, முழுக்கைச் சட்டை, வாயில் எப்போதும் ஒரு கிராம்பு. நான் கம்மாபுரத்துக்காரன், எங்கள் நிலம் சுரங்கத்துக்குப் போனதில் அங்கே வேலை கிடைத்துப் பர்மனென்ட் ஆனவன். இருவருக்கும் ஒரே வரிசையில் குவார்ட்டர்ஸ். அவருடையது தெருமுனையில், என்னுடையது கடைசியில்.

சிவகாசிப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது சிப்பிப்பாறைக் குட்டி ஒன்றைப் பார்த்து மயங்கிவிட்டேன். "இது ஒரே ஆளுக்குத்தான் அடங்கும்" என்றார் வளர்த்தவர். அந்த ஒரு சொல்லுக்காகவே வாங்கினேன். துண்டில் சுற்றி, ராத்திரி முழுக்க பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். மறுநாள் காலை, தன் ஊர்ச் சாதி நாய் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு அண்ணன் பார்க்க வந்தார். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். குட்டி என் மடியிலிருந்து இறங்கி, தள்ளாடித் தள்ளாடிப் போய், அவர் மடியில் ஏறி அவருடைய கைலியை நனைத்தது.

"ஏய்யா தனசேகரு, நல்ல குட்டிய்யா" என்றார், நனைந்த கைலியோடு. அந்த ஒரே ஆள் யார் என்பது அன்றைக்கே முடிவாகிவிட்டது. எனக்குத்தான் புரியச் சில வருஷம் பிடித்தது.

சம்பா அறுப்பு முடிந்ததும் ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் எலி வேட்டைக்குப் போவோம். சேத்தியாத்தோப்புப் பக்கம் வயல்காரர்கள் கூப்பிடுவார்கள். அவர் எடுத்து வருவது மண்வெட்டி, கடப்பாரை, சாக்கு, சுந்தரி தண்ணீர் குடிக்க ஓர் அலுமினியக் கிண்ணம். புகை போட மாட்டார். வளைக்குள் இருக்கும் எல்லாம் மூச்சுமுட்டிச் சாவது வேட்டையில் சேராது என்பார். நாய் பிடித்தால் ஒரே பிடியில் முடிய வேண்டும். பூனை மாதிரி வைத்து விளையாடவிட்டால் அவருக்கு ஆகாது. தோண்டிய வரப்பை மூடி மிதித்த பிறகுதான் வெற்றிலைப் பொட்டலத்தையே பிரிப்பார்.

ஒருமுறை வளைக்குள் குட்டிகளோடு தாய் எலி இருந்தது. மண்ணைத் தள்ளி மூடிவிட்டார். வயல்காரருக்குப் பொறுக்கவில்லை.

"இன்னாங்க இது, குட்டிய வுட்டுட்டுப் போறீங்க? நாளைக்கு அது பெருசாயி என் நெல்லத் துன்னுகினு கெடக்குமே!"

"பெருசாகட்டும். அப்ப நாங்க வாறோம்" என்றார் அண்ணன்.

திரும்பும் வழியில், எலிக்குப் போய் எதற்கு இத்தனை நியாயம் என்று நான் கேட்டேன். "பசிக்கு வேட்டையாடுறவனுக்கு ஆயிரம் நியாயம் இருக்குய்யா. நமக்கு மாசமானா சம்பளம் வருது. நாம பொழுதுபோக்குக்குக் கொல்றோம். அதனால நமக்குத்தான் கட்டுப்பாடு ஜாஸ்தி வேணும்" என்றார். நல்ல பேச்சுதான். அதை நான் சொல்லியிருக்கக் கூடாதா என்று எரிச்சலாக வந்தது.

சுந்தரிக்காகச் சென்னையில் பித்தளைக் குமிழ் வைத்த தோல் பட்டை ஒன்று வாங்கி வந்தேன். கழுத்தில் புண்ணாகிவிட்டது. அவர் காயலான் கடையில் கிடந்த, தண்ணீர் அடிக்கும் கித்தான் குழாயை வாங்கி, நீளமாக வெட்டி, உள்பக்கம் தன் பழைய வேட்டித் துணியை மடித்துத் தைத்து ஒரு பட்டை செய்தார். அழுக்குக் கலரில் பார்க்கச் சகிக்காது. அதைப் போட்டுவிடக் கையில் எடுத்தாலே சுந்தரி கழுத்தை நீட்டும். என்னுடைய பித்தளைக் குமிழ் இன்றும் பீரோவில் பளபளவென்று இருக்கிறது.

பட்டையைக்கூட மன்னித்திருப்பேன். அந்த முயலைத்தான் முடியவில்லை.

அறுத்த வயலில் எலி வளை தேடிக்கொண்டிருந்தோம். என் காலடியிலிருந்து முயல் ஒன்று துள்ளி எழுந்து ஓடியது. சுந்தரி பாய்ந்தது. சிப்பிப்பாறை ஓடி நீங்கள் பார்க்க வேண்டும்; நாலு காலும் தரையில் இருக்கிறதா என்றே தெரியாது. முயலைத் தொடக்கூடாது என்று சட்டம் இருப்பது எனக்கும் தெரியும். ஆனால் என் நாய் அப்படி ஓடுகிறது! "பிடி சுந்தரி, பிடி!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். வரப்பில் நின்றவர்களெல்லாம் கத்தினார்கள். இன்னும் ஒரு முழம்தான் இருக்கும். அண்ணன் இரண்டு விரலை நாக்கில் வைத்து ஒரு விசில் அடித்தார்.

சுந்தரி நின்றது. புழுதி கிளம்ப, சறுக்கிக்கொண்டு நின்றது. முயல் கருவேலம் புதருக்குள் மறைந்தது. சுந்தரி திரும்பி வந்து, கத்திக்கொண்டிருந்த என்னைத் தாண்டிப்போய், அவர் காலடியில் உட்கார்ந்தது.

"நம்மள எலிக்குத்தானய்யா கூப்பிட்டாக" என்றார், மண்வெட்டியை எடுத்துக்கொண்டே.

ஓடுகிற முயலை விட்டுவிட்டு நாய் திரும்பி வந்த கதை அன்று சாயங்காலத்துக்குள் டீக்கடைக்கு வந்துவிட்டது. என் பெயர் அதில் இல்லை. ஒரு மாதம் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு விசில் பழகினேன். "குக்கரா அது? நான் அடுப்பே பத்த வைக்கலியே" என்று என் மனைவி மல்லிகா சமையல்கட்டிலிருந்து கேட்டாள். கடைசியில் ஒருநாள் சுந்தரியின் எதிரில் நின்று அடித்தும் காட்டினேன். அது கொட்டாவி விட்டது.

வேட்டை முடிந்தால் மோட்டார் கொட்டகை நிழலில், பிடித்த எலிகளைப் பங்கு பிரிப்போம். அது அவர் ஊர் வழக்கம்: ஆளுக்கு ஒரு பங்கு, நாய்க்கு ஒரு பங்கு. நாய்ப் பங்கை முதலில் எடுத்துவைத்து, என் கையில் கொடுத்து, "சுந்தரி பங்கு" என்பார் சத்தமாக. சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். என்னை நாயின் எடுபிடி ஆக்குகிறார் என்று நினைப்பேன். அந்தக் கடுப்பில், ஊர் திரும்பியதும் அவர் வீட்டு கேட்டில் சரியாகச் சொல்லிக்கொள்ளக்கூட மாட்டேன். விறுவிறுவென்று முன்னால் நடந்துவிடுவேன். சுந்தரி பின்னால் வந்து சேரும்.

நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர் உயிரோடு திரும்பவில்லை. அவரை எடுத்துச் சென்ற நாளிலிருந்து சுந்தரி அவர் கேட்டருகே படுத்துவிட்டது. மல்லிகா பால்சோறு கொண்டுபோய் வைத்தாள். நான் கறி வைத்தேன். முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. விலா எலும்பு தெரியத் தொடங்கியது. கால்நடை டாக்டர் வந்து பார்த்து, உடம்புக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

இதற்கிடையில் அண்ணி பேச்சியம்மாள், காரியம் முடிந்ததும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு ஊருக்குப் போவதாகச் செய்தி. சுந்தரியையும் ஏற்றிக்கொண்டு போகட்டும், அங்கேயாவது பிழைக்கும் என்றார்கள் தெருவில். எனக்கு வயிறு எரிந்தது. இருக்கும்போதும் என் நாய் அவருடையது, போன பிறகும் அவருடையதா? ஆனால் இங்கே வைத்துக்கொண்டு சாகவிடவும் மனம் வரவில்லை. காரியத்தன்று, கூட்டிப்போங்கள் என்று சொல்லிவிடும் முடிவோடுதான் போனேன்.

பந்தி தொடங்கும் முன் அண்ணி ஓர் இலைத்துண்டில் தயிர்சோறு பிசைந்து எடுத்து வந்தார். கேட்டருகே படுத்திருந்த சுந்தரியிடம் போகவில்லை. நேராக என்னிடம் வந்து என் கையில் வைத்தார்.

"சுந்தரி பங்கு."

"அண்ணி, நீங்க இத ஊருக்கே..." என்று ஆரம்பித்தேன்.

"நான் எதுக்குக் கூட்டிட்டுப் போகணும்? நாய்ப் பங்கு ஓனர் கையிலதான் குடுக்கணும், அதான் முறைனு அவுக சொல்லுவாக. நாய் உங்களோடதுன்னு நாலு பேரு அறியணும்னுதான் சத்தமாச் சொல்லிக் குடுக்குறதும்பாக." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உங்க மேல அவுகளுக்கு எம்புட்டுப் பொறாமை தெரியுமா? வேட்டைக்குப் போயிட்டு வந்தா இந்தக் கேட்டப் பிடிச்சிக்கிட்டு நிப்பாக. நீங்க முன்னால போவீக, அது பின்னாலயே போகும். 'நாள் முழுக்க நான் கூப்பிட்டா வருது. வீட்டுக்குன்னா அவன் பின்னால போயிருது. கழுத, ஒரு தடவ திரும்பிப் பாக்குதா பாரு'ன்னு திட்டுவாக. வாராவாரம் இதே பாட்டுதான்."

நான் ஒருநாளும் பார்த்ததில்லை. முன்னால் நடந்துகொண்டிருந்தவன் நான்.

கேட்டருகே போய், அவரைப் போலவே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். இலையைக் கீழே வைக்காமல் கையிலேயே பிடித்திருந்தேன். சுந்தரி நெடுநேரம் என் முகத்தைப் பார்த்தது. பிறகு நக்கத் தொடங்கி, இலையைக்கூட விட்டுவைக்கவில்லை.

எழுந்து வீட்டுக்கு நடந்தேன். பின்னால் நகம் தரையில் படும் சத்தம் கேட்டது. இந்த முறை நான் வேகமாக நடக்கவில்லை, நின்று திரும்பினேன்.

அண்ணே, அது திரும்பிப் பார்த்தது. பத்தடிக்கு ஒருமுறை நின்று, உங்கள் கேட்டைப் பார்த்தது. என் வீட்டு வாசல் வரைக்கும் அப்படித்தான் வந்தது. இப்போதும் எனக்குக் கொஞ்சம் எரியத்தான் செய்கிறது. போய் வாருங்கள்.