பல் கூசியவள்

பல்பொருள் கடையில் பற்பசை அடுக்குகிறவள் அவள். எது நல்லது என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லியே நாள் ஓடிவிடும். அவளுக்கோ தண்ணீர் பட்டாலே பல் கூசியது. மூன்று பற்பசை மாற்றியும் தீராமல் பல் மருத்துவரிடம் போனாள்.

“பேஸ்ட் மேல தப்பில்லைம்மா. நீங்க அழுத்தித் தேய்ச்சே பல்லைக் கரைச்சிருக்கீங்க. அப்படி என்ன அவசரம்?” என்றார் அவர்.

சொல்ல ஆரம்பித்தால் பொழுது போய்விடும் என்று வெறுமனே தலையாட்டினாள்.

மறுநாள் காலை பட்டாணியளவு பற்பசை வைத்து மெதுவாகத் தேய்த்தாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, கணவன் குளியலறைக் கதவைத் தட்டினான்.

“இன்னும் எவ்வளவு நேரம்? என் சட்டை எங்க?”

வாய் நிறைய நுரை. அலுத்த உடம்பைச் சுவரில் சாய்த்துக்கொண்டு, அவசரமில்லாமல் கடைவாய்ப் பற்களைத் தேய்க்கத் தொடங்கினாள்.