தட்டில் மின்னிய பொடி

என் பட்டறை அலமாரியின் மேல்தட்டில், நான்காக மடித்த பழைய வேட்டித் துணி எப்போதும் இருக்கும். துவைத்துத் துவைத்து மெலிந்துபோன பருத்தி. வேலை செய்கிறவர்கள் யாராவது கை துடைக்க அதில் கை வைத்தால் எனக்குக் கண்மண் தெரியாத கோபம் வரும். வாயில் வந்ததைச் சொல்லித் திட்டிவிடுவேன்.

அந்தத் துணியைக் கொடுத்துக்கொண்டிருந்தவர் ஒரு டாக்சி டிரைவர். தறிக்காரக் குடும்பத்தில் பிறந்து, தறிக்குழியில் கால் மரத்துப்போகிறது என்று எழுந்து வந்து ஸ்டியரிங் பிடித்தவர். அவருக்கு இருந்தது ஒரு கார், ஒரு தங்கை. தாய் தகப்பன் போனபின் அந்தப் பெண்ணுக்கு எல்லாமே அவர்தான். எழுபதுகளின் தொடக்கத்தில், வைகாசி மாதம், பின் ஆக்சிலில் எண்ணெய் கசிகிறது என்று காரை என்னிடம் விட்டார். நான் டிஃபரன்ஷியலை மொத்தமாக இறக்கி, பல்சக்கரங்களையும் பேரிங்குகளையும் மண்ணெண்ணெயில் கழுவிச் சாக்கில் பரப்பியிருந்தேன். தங்கை பிரசவத்துக்காக உள்ளூர் ஆஸ்பத்திரியில் இருந்தாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு ஓடி வந்தார். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, செங்கல்பட்டுக்குக் கொண்டுபோய் வயிற்றை அறுத்துத்தான் எடுக்க வேண்டும், தாமதிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அன்று பார்த்துக் கருட சேவை. ஊருக்குள் தேர்க்கூட்டம் போல ஜனம். பஸ்ஸெல்லாம் எல்லையிலேயே நிற்கிறது, வாடகைக் கார் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. "பூட்டிடு மேஸ்திரி, சீக்கிரம் பூட்டிடுபா" என்றார். பத்து மணிக்கு வண்டி தயார் என்றேன். சொன்னபடி முடித்திருக்கலாம்.

துடைத்த சாமான்களைக் கடைசியாக ஒருமுறை மண்ணெண்ணெய்த் தட்டில் அலசினபோது அதன் அடியில் மஞ்சளாக ஏதோ மின்னியது. டிஃபரன்ஷியலுக்குள் சின்னப் பல்சக்கரங்களுக்குப் பின்னால் பித்தளை வாஷர் இருக்கும். அது அரைபட்டால் இப்படித்தான் பொடி உதிரும். அப்படியே பூட்டி ஓட்டினால் நடு ரோட்டில் சக்கரம் இறுகி நின்றுவிடலாம். அதைச் சொன்னேன்.

"மெதுவா ஓட்டிக்கினு போயிடறேன்பா. என் உசுரு அங்க துடிச்சிக்கினு கீது."

"வாலாஜாபாத் தாண்டி வண்டி கவுந்தா ரெண்டு உசுரும் போயிடும்பா. கொஞ்சம் பொறுத்துக்கோ" என்றேன் நான்.

அந்தக் கொஞ்சம் நான்கு மணி நேரமாயிற்று. அதுவரை பூட்டியிருந்ததை எல்லாம் மறுபடி பிரித்தேன். வாஷர்களை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன், ஒன்றிலும் தேய்மானம் இல்லை. பேரிங்கைக் காதோரம் வைத்துச் சுற்றினேன், பட்டுப்போல் ஓடியது. பற்களை ஒவ்வொன்றாக நகத்தால் தடவினேன். கோளாறு இல்லை என்பதே எனக்குப் பெரிய பயமாகிவிட்டது. துடைத்துவிட்டுக் கழுவினால் மறுபடியும் தட்டில் அந்த மினுக்கல். டிரைவர் ஆஸ்பத்திரிக்கு ஓடுவார், திரும்பி வருவார், என் முகத்தைப் பார்ப்பார், மறுபடி ஓடுவார். கடைசித் தடவை வந்தபோது தட்டின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அந்தப் பொடியில் கொஞ்சம் நீளமான ஒரு துணுக்கை விரலில் ஒற்றி எடுத்தார். நகத்தால் சுரண்டினார். மஞ்சள் உரிந்து உள்ளே சிவப்பாக ஓர் இழை தெரிந்தது.

"சரிகை மேஸ்திரி இது" என்றார்.

எங்கள் ஊர்ப் பட்டறைகளில் கை துடைக்கவும் சாமான் துடைக்கவும் பக்கத்துத் தறி வீடுகளில் கழித்துப்போட்ட பட்டு நூலைத்தான் வாங்கி வைத்திருப்போம். சரிகையை ஒரு துண்டுகூட வீணாக்க மாட்டார்கள் தறிக்காரர்கள். அந்த மூட்டையில் எப்படியோ ஒரு பிரி கலந்து வந்துவிட்டது. நான் துடைக்கத் துடைக்க அதுதான் பொடிந்து உதிர்ந்திருக்கிறது. நானோ மாகறல் பக்கத்து விவசாயக் குடும்பத்தவன். சரிகையைச் சேலையில் பார்த்திருக்கிறேனே தவிர, உள்ளே சிவப்புப் பட்டு இழை இருக்கும் என்று பிரித்துப் பார்த்தவன் இல்லை. வாசலில் போகிற எவரைக் கூப்பிட்டுக் காட்டியிருந்தாலும் ஒரு நிமிஷத்தில் சொல்லியிருப்பார்கள். கேட்கத் தோன்றவில்லை. என் வேலையில் இன்னொருவரைக் கேட்பதா என்ற திமிர், வேறென்ன?

பிறகு இருவரும் சேர்ந்து பூட்டினோம். கார் கிளம்பியபோது மணி இரண்டைத் தாண்டிவிட்டது. நானும் கூடவே போனேன். தங்கை பிழைத்தாள். ஆண் பிள்ளை, வயிற்றிலேயே அடங்கிவிட்டிருந்தது. மதியத்துக்குள் வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று அங்கே சொன்னார்கள். ஏன் இத்தனை தாமதம் என்று அவளுடைய மாமியார் எல்லோர் எதிரிலும் கேட்டாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். டிரைவர் நிதானமாகச் சொன்னார்: "ஆக்சில்ல பெரிய கோளாறும்மா. இவரு கண்டுபுடிக்கலேன்னா வழியில எல்லாரும் போயிருப்போம்."

அதைப் பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஆக்சிலைப் பிரிக்கிற ஒவ்வொரு முறையும் சரிகைக் கரையில்லாத, துவைத்த வேட்டித் துணி ஒன்றைக் கொண்டுவந்து, சாமான்களுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விடுவார். ஒரு முறையாவது அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

போன மாதம் அவர் காலமானார். நேற்று அவருடைய தங்கை பட்டறைக்கு வந்தாள். தலை முழுக்க நரைத்துவிட்டது. அதற்குப் பின் அவளுக்குப் பிள்ளையே பிறக்கவில்லை. கையில் அண்ணனின் வேட்டி ஒன்று.

"மேஸ்திரிக்குத் துணி குடுத்துடுன்னு சொல்லிட்டுப் போச்சு அண்ணன்" என்றாள். வாங்கிக்கொண்டேன். போகத் திரும்பியவள் நின்றாள். "அன்னிக்கி நீங்க மட்டும் கண்ல எண்ணெய ஊத்திக்கினு பாக்கலேன்னா நான் ஏதுங்கண்ணா இன்னிக்கி? அண்ணன் சாகற வரைக்கும் அதையே சொல்லிக்கினு இருந்துச்சு."

உண்மையைச் சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். "பார்த்துப் போம்மா, ரோட்ல வண்டி ஜாஸ்தி" என்றுதான் வந்தது. அவள் சாலையைக் கடக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வேட்டியை நான்காக மடித்து மேல்தட்டில் வைத்தேன்.