சுற்றுவழியில் ஒரு மண்டபம்

கும்பகோணத்துக்கு லோடு என்றால் எப்போதும் சேத்தியாத்தோப்பு வழியாகத்தான் போவேன். மேம்பாலம் கட்டுகிறேன் என்று ரோட்டைத் தோண்டிப் போட்டதிலிருந்து அந்த வழி நரகம். நம்ம விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மை குழிக்கு ஒன்றாக உடையும், கடைக்காரர் என் சட்டையைப் பிடிப்பார். அன்று ஞாயிற்றுக்கிழமை. தன் அம்மா வீட்டுக்குப் போக மனைவியும் வண்டியில் ஏறியிருந்தாள். போனில் மேப்பைப் பார்த்தவள், "ஏங்க, சேத்தியாத்தோப்புல ஒரே செவப்பா காட்டுதுங்க. கருவேப்பிலங்குறிச்சி வழியா வுடுங்க" என்றாள்.

அது என் அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊர். "அப்படியே அக்கா வூட்ல ஒரு டீ குடிச்சிட்டுப் போலாம்" என்று திருப்பினேன். எனக்குக் கூடப்பிறந்தது அவள் ஒருத்திதான். அவள் மகள் வயசுக்கு வந்தபோது தென்னங்கீற்று வெட்டிக்கொண்டு போய்க் குச்சு கட்டியவன் நான். தாய்மாமன் இல்லாமல் வேறு யார் கட்டுவது? மஞ்சள் நீராட்டு எப்போது என்று கேட்டால் மட்டும் ஒரே பதில்தான் வரும். "பத்தாவது படிக்குதுடா. பரீட்சை முடியட்டும். ஒனக்குச் சொல்லாம செஞ்சிடுவனா?" என்பாள். சீர் வைக்க என் மனைவி பட்டுப்புடவை எடுத்து பீரோவில் பூட்டி வைத்திருந்தாள்.

ஊருக்குள் நுழையும் இடத்தில் பெரிய பேனர் கட்டியிருந்தார்கள். கிரீடம் வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தது அக்கா மகள். மஞ்சள் நீராட்டு விழா, அன்றைக்கே. ஓரத்தில் வட்டத்துக்குள் என் பெரியப்பா மகனின் முகம், அதற்குக் கீழே 'தாய்மாமன்' என்று கொட்டை எழுத்து. ரோடு வேலைக்கு டிப்பர் விடுகிற காசுக்காரன். முறைக்கு அவனும் மாமன்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கூடப்பிறந்தவன் நான் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது அவன் யாருய்யா?

அந்தப் பக்கம் நான் வரவே மாட்டேன் என்கிற தைரியத்தில்தான் அடிப்பாவி ரோட்டிலேயே பேனர் கட்டியிருக்கிறாள். இத்தனை சொந்தக்காரர்கள் இருந்து என்ன, ஒருத்தர்கூட என் காதில் போடவில்லை.

"திருப்புங்க வண்டிய. எவ்ளோ நேரம் ஆனாலும் ஆவட்டும், சேத்தியாத்தோப்பு வழியாவே போயிடலாம்" என்றாள் மனைவி. நான் கேட்கவில்லை. நேரே மண்டபத்து வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

வாசலில் நின்றிருந்த அக்கா என்னைப் பார்த்ததும் பட்டுப்புடவை தடுக்கத் தடுக்க ஓடிவந்தாள். உள்ளே கூப்பிடத்தான் வருகிறாள் என்று நினைத்துக் கதவைத் திறக்கப் போனேன். அவ்வளவு மானங்கெட்ட மனசு எனக்கு.

"ஒங்க மாமா இப்ப அவன்கிட்டதான்டா வேலைக்குப் போறாரு. நான் என்னா பண்ணட்டும்? வூட்டுக்கு வந்து எல்லாத்தையும் சொல்றேன்" என்று ஜன்னலில் கைவைத்துச் சொன்னாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தூரத்தில் மேளச் சத்தம் வந்தது.

"வண்டிய மட்டும் கொஞ்சம் தள்ளி வுட்டுடு தம்பி. தாய்மாமன் சீரு வருது."

ரிவர்ஸ் எடுத்து வழி விட்டேன்.