அஞ்சில் தொடங்கிய ஏலம்

காலை பத்து மணி பன்னிரண்டு நிமிடம். முதலில் என் கண்ணில் பட்டது மச்சானின் வலது கை. வங்கி மேலாளரின் மேசைக்கு மேலே ஐந்து விரலும் விரிந்து நின்றன.

மச்சான் என் மனைவியின் அண்ணன். முட்டம் துறைமுகத்தில் இருபது வருடமாக மீன் ஏலம் விடுகிறவர். வைக்க இடமில்லாததால், பிந்தி வரும் படகுகளின் மீனை வெளியூர் லாரிக்குக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுவார்கள். அதைப் பார்த்துச் சலித்து, சொந்தமாகக் குளிர் அறை கட்டக் கடன் கேட்க வந்திருந்தார். நான் பத்திரிகையில் செய்தி திருத்தியவன். காகிதங்களைப் பார்க்க என்னையும் கூட்டி வந்தார்.

"அஞ்சு லெட்சம்," என்றார்.

"தரலாம்," என்றார் மேலாளர்.

மச்சான் கையை இறக்கவில்லை. மேலாளரைப் பார்த்தார். பக்கத்து மேசை எழுத்தரைப் பார்த்தார். "அஞ்சே..." என்று இன்னொரு முறை இழுத்துச் சொன்னார்.

"அதான் தரலாம்னு சொல்லிட்டேனே. கையெழுத்துப் போடுங்க."

எனக்குப் புரிந்துவிட்டது. துறைமுகத்தில் ஏலத்தைக் குறைவில்தான் தொடங்குவார்கள். ஏற்றுவது வியாபாரிகளின் வேலை. இங்கே ஏற்ற ஆளில்லை. தேநீர் குடித்துவிட்டு வருகிறோம் என்று சொல்லி அவரை வெளியே இழுத்து வந்தேன்.

"மாப்ள, அந்தாளு ஏத்தவே இல்லையே!"

"அவரு ஏத்தமாட்டாரு மச்சான். அஞ்சுக்கு எவ்வளவு மீன் வைக்க முடியும்?"

"ஒரு படகு."

"உமக்கு எத்தனை வேணும்?"

அவர் கடைத் தட்டிலிருந்த வாழைப்பழப் பழம்பொரியைப் பார்த்தார். "ஆறு. பின்ன ஐஸ் மெஷினு. ஒரு வண்டி."

"அப்போ எவ்வளவு?"

"நாப்பது," என்றார், பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்கிற குரலில். சொன்னதும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் தொற்றியது. பெஞ்சு ஆடியது, தேநீர் சட்டையில் கொட்டியது. கடைக்காரர், "எண்ணே, காலையிலேயே ஏத்திட்டியளா?" என்று கேட்டார்.

பதினொன்று ஐந்துக்கு மீண்டும் உள்ளே போனோம்.

"நாப்பது லெட்சம்."

மேலாளர் கண்ணாடியைக் கழற்றினார். "ஒரு மணி நேரத்துக்கு முன்னாடி அஞ்சு."

"அது தொடக்கம் சார்."

"நாற்பதுக்கு வருமானம் எங்கிருந்து வரும்?"

மச்சான் தாளைத் தொடவில்லை. எந்தப் படகு, எந்த மாதம், எத்தனை பெட்டி, சூரையா நெத்திலியா, என்ன விலை போனது என்று மனத்திலிருந்து சொல்லத் தொடங்கினார். மூன்றாவது படகில் குரல் தானாக ஏலக் குரலாகிவிட்டது. மேலாளரின் பேனா பின்தங்கியது. வரிசையில் நின்றவர்கள் திரும்பினார்கள். பாஸ்புக்கோடு ஒரு அம்மா மேசைவரை வந்து, "என்ன மீனு மக்கா, இங்கயா விக்கிய?" என்றார்.

எழுத்தர் முகத்தைக் கோப்பால் மறைத்துக்கொண்டார். மேலாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "மெதுவா, மெதுவா. ரெண்டாவது படகுலேருந்து சொல்லுங்க," என்றார்.

என் கால்கள் மேசைக்கு அடியில் தாளம் போட்டுக்கொண்டிருந்தன.

படகுக்காரர்களிடம் பழைய ஏலச் சீட்டுகளை வாங்கி இணைத்தோம். மேலிடம் இரண்டு முறை கேள்வி கேட்டு அனுப்பியது. கடைசியில் முப்பத்தாறுக்கு ஒப்புக்கொண்டது. வண்டியை மட்டும் விட்டுவிட வேண்டியிருந்தது.

நேற்று புதுக் குளிர் அறையில் ஐந்து படகுகளின் மீன் இருந்தது.