இருசப்பனின் பௌர்ணமி கேக்

கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடும் காட்டுக் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் இருசப்பன். போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன் என்று திருவண்ணாமலையில் அறை எடுத்தவன், ஸ்பாஞ்ச் கேக்கைச் சிங்காரிப்பதில்தான் தேறினான். ஓவன் கிடையாது. பேக்கரியில் வெறும் கேக் வாங்கி, துண்டு போட்டு, பாலில் நனைத்து, மேலே கஸ்டர்ட் ஊற்றி, வாழைப்பழம் அடுக்கி, மறுபடி கேக், மறுபடி கஸ்டர்ட் என்று கொத்தனார் மாதிரி எழுப்புவான். உச்சியில் வெல்லப்பாகில் புரட்டிய மல்லாட்டை.

"கவர்மெண்டு உன்ன நம்பி இல்லடா, நான்தான் இருக்கேன்" என்று அறைத்தோழன் பாலாஜி தட்டை வழித்து நக்குவான்.

இதற்கா படித்தோம் என்ற கேள்வி இருசப்பனுக்கும் வரும். கஸ்டர்ட் கிளறும்போது மட்டும் வராது. அதுதான் அவனைக் குழப்பியது.

ரமணாசிரமத்தை ஒட்டி, செங்கம் சாலையில் சின்ன கஃபே நடத்தும் அருணாதேவி ஒருநாள் அதை ருசி பார்த்தாள். "பௌர்ணமிக்கு ஒரு பெரிய தட்டு போட்டுக் குடு. கூட்டம் ஜாஸ்தி. காலியாச்சுன்னா இனிப்பு வேலை உனுது. இல்லன்னா போய் பரீட்சைக்குப் படி."

"காலியாயிடும்க்கா!"

மனதார வேண்டுமென்று அவன் ஆசைப்பட்ட முதல் வேலை அது.

பௌர்ணமி சாயங்காலம் கஃபே வாசலில் தட்டை வைத்தான். வெறுங்காலோடு கிரிவலம் போகிறவர்கள் நின்றார்கள், பார்த்தார்கள், ஒரே கேள்வி கேட்டார்கள்.

"தம்பி, முட்டை போட்டதா?"

இருசப்பன் தட்டைக் குனிந்து பார்த்தான். பௌர்ணமியன்று அவன் அம்மா முட்டையைக் கையால்கூடத் தொடமாட்டாள். அந்த வீட்டுப் பிள்ளை, கேக்கில் முட்டை இருப்பதை யோசிக்கவே இல்லை. இல்லை என்று சொல்லிவிடலாமா? எதிரே மலை நின்றது. நிலா வேறு, பட்டப்பகல் மாதிரி.

"போட்டதுதாங்க."

"நல்லாத்தான் இருக்குது பாக்க. இத இந்தப் பாதையில வச்சிக்கினு நிக்கிறியே, நியாயமா?" என்ற ஒரு அம்மாள், நடந்துகொண்டே தட்டைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

தட்டு அப்படியே இருந்தது.

"பட்டதாரி, நம்ம ஊரு பரீட்சையிலயே கோட்டை விட்டுட்டியே" என்றாள் அருணாதேவி.

"நீங்களும் சொல்லலையேக்கா."

"எனக்கும் இப்பதான்டா உறைக்குது. ஃபிரிட்ஜில வை. காலையில வந்து எடுத்துட்டுப் போ."

காலையில் அவன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தபோது கஃபே நிறைந்திருந்தது. கிரிவலம் முடித்து விடுதியில் தங்கியவர்கள், நொண்டி நொண்டி வந்து உட்கார்ந்திருந்தார்கள். விரதம் முடிந்த பசி. ஒருவர் தட்டைக் கண்டு கை நீட்டினார்.

"முட்டை போட்டதுங்க" என்றான், கேட்பதற்கு முன்பே.

"அது நேத்து கவலை. இன்னிக்கு வைப்பா."

ராத்திரி முழுக்கப் பாலையும் கஸ்டர்டையும் குடித்திருந்த கேக், அல்வா மாதிரி வழுக்கிக்கொண்டு வெட்டுப்பட்டது. அப்படியொரு ருசி அதற்கு உண்டென்று செய்தவனுக்கே தெரியாது. பாலாஜி இருக்கும் அறையில் எது ஒரு ராத்திரி தாங்கியிருக்கிறது? டிபன் நேரம் முடிவதற்குள் தட்டு காலி.

"இனிமே மொத நாளே செஞ்சி வச்சிடு. பௌர்ணமிக்கு மட்டும் லீவு" என்றாள் அருணாதேவி.

"அப்ப வேலை எனக்குத்தானாக்கா?"

"பின்ன? தட்டக் கழுவு."

கழுவும்போது அப்பா போனில் வந்தார். "ஏதாச்சும் கெடைச்சிதாடா?"

"கெடைச்சிடுச்சுப்பா."

"கவர்மெண்டா?"

"இல்லப்பா. கேக்கு."



"சரி, வரும்போது கொஞ்சம் எடுத்துக்கினு வா. தின்னு பாத்துட்டுத் திட்டறேன்."