கௌரம்மா கூப்பிடாத நாட்கள்

தாரணிக்கு உட்கார்ந்த இடத்தில் முள் முளைத்துவிடும். பால் பொங்கும்வரை அடுப்பின் முன்னால் நிற்க மாட்டாள். சிக்னலில் பச்சை விழுவதற்குள் ஸ்கூட்டரைக் காலால் உந்தி உந்தி முன்னால் நிற்கிற ஆட்டோவின் முதுகை முட்டிவிடுவாள். பல் டாக்டரிடம் போனால் அங்கே கிடக்கிற பழைய பத்திரிகைகளை எல்லாம் அடுக்கி வைத்துவிட்டு, தன் முறை வருவதற்குள் வலியோடு வீடு திரும்பிவிடுவாள். "வயித்துல இருந்தப்பவே இவ ஒரு பக்கமாப் படுத்ததில்லை" என்பாள் அவளுடைய அம்மா வடிவு. ஆக்கப் பொறுத்தவர்களுக்கு ஆறப் பொறுக்காது என்று சொல்வார்கள். இவள் ஆக்கவே பொறுக்க மாட்டாள்.

அப்படிப்பட்டவளிடம் போய், காத்திருக்கிறவர்களுக்காக ஒரு செயலி செய்யச் சொன்னார்கள்.

மைசூரு விஜயநகரில் ஒரு மாடியில் இருந்தது அந்தச் சின்ன மென்பொருள் நிறுவனம். பெங்களூரில் இருக்கும் ஒரு தொண்டு அமைப்பு பணம் போட்டது. குழாயில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் வரும் குடியிருப்புகளில், தண்ணீர் எப்போது வரும் என்று கைப்பேசியில் சொல்லும் செயலி. வால்வு திறக்கிற தொட்டையன் தெருத்தெருவாகப் போகும்போது தன் போனில் ஒரு பொத்தானைத் தொடுவான். அவன் எந்தத் தெருவில் இருக்கிறான் என்பது மற்றவர்களின் போனில் தெரியும். அவ்வளவுதான் விஷயம். சோதனை நடக்க, அக்ரஹாரத்துக்கு அப்பால் தாரணி குடியிருந்த சந்து, அதை ஒட்டிய நாலைந்து தெருக்கள் என்று தேர்ந்தெடுத்தார்கள். தேர்ந்தெடுத்தார்கள் என்ன, அவள்தான் அடம்பிடித்து எழுத வைத்தாள். நான்கு வருடம் அடுத்தவர் செய்த செயலிகளில் ஓட்டை கண்டுபிடித்துக்கொண்டிருந்தவளுக்கு, தன் பெயரில் கிடைத்த முதல் திட்டம் அது.

திட்டமிட உட்கார்ந்த அன்று, அவளுக்கு மேலே இருந்த கிரண் வெள்ளைப் பலகை முன்னால் நின்றுகொண்டு சொன்னான். "மூணு மாசம் டிரையல். முடிஞ்சதும் பெங்களூர்க்காரங்க ஒரே கேள்விதான் கேப்பாங்க, ஜெயிச்சுதா இல்லையான்னு. ஜெயிச்சா சாமராஜநகருக்குக் கொண்டுபோவாங்க. இல்லைன்னா அல்லிகே முகீத்து, அத்தோட முடிஞ்சுது, மூட்டை கட்டிடலாம். எதை வெச்சு ஜெயிச்சோம்னு சொல்லப்போறோம்? அதை இப்பவே முடிவு பண்ணணும்."

"வீடு வீடாப் போய்க் கேக்கலாமே" என்றாள் கூட வேலை பார்த்த ரூபா. "தண்ணி வர்ற நாள்ல வேலைக்குப் போக முடிஞ்சுதா, இல்லை குழாய்க்காக வீட்ல இருந்தாங்களான்னு."

தாரணியின் கால் மேஜைக்கடியில் தையல் மெஷின் மிதித்துக்கொண்டிருந்தது. "கேட்டு, எழுதி, கூட்டி, அது எப்ப வந்து சேரும்? மாசக் கடைசியிலயா? அதுவரைக்கும் கண்ணைக் கட்டிக்கிட்டு ஓட்டறதா? எத்தனை தடவை திறந்து பாக்கறாங்கன்னு எண்ணுவோம். சர்வர்ல நிமிஷத்துக்கு நிமிஷம் தெரியும். திறக்கறாங்கன்னா பயன்படுதுன்னுதானே அர்த்தம்?"

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. கிரண் தலையாட்டினான். பலகையில் 'திறப்பு' என்று எழுதி இரண்டு கோடு போட்டான். பிள்ளையார் பிடிக்கக் குரங்காகிறது என்றால், மண்ணைக் குழைக்கிற அந்த நேரத்திலேயே குரங்கு முகம் தெரியவா செய்கிறது?

அந்தத் திறப்பு எண்ணைத் தன் போனின் முகப்பிலேயே வைத்துக்கொண்டாள் தாரணி. காலையில் கண் விழித்ததும் அது. பல் துலக்கும்போது அது. கூட்டத்தில் யாராவது பேசினால் மேஜைக்குக் கீழே அது. முதல் மாதம் எண் நொண்டியது. இரண்டாவது மாதம் படுத்தேவிட்டது. வீட்டுக்கு வீடு செயலியைப் போட்டுக் கொடுத்தது அவளேதான். யாரும் அதை அழிக்கவில்லை. ஆனால் திறப்பதுமில்லை. அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கிரண் வேறு ஒவ்வொரு நாளும் வணக்கம் சொல்கிற மாதிரி "எண் என்னாச்சு?" என்று கேட்டான்.

ஒரு தண்ணீர் நாளில் ஆபீசுக்குத் தாமதமாகப் போவதாகச் சொல்லிவிட்டுச் சந்து முனையில் நின்று பார்த்தாள். பொதுக் குழாய்க்கு எதிரே கௌரம்மாவின் பெட்டிக்கடை. கொள்ளேகால் பக்கத்து மனுஷி. வெற்றிலை, ஷாம்பு, தீப்பெட்டி எல்லாவற்றையும் விட அவளிடம் அதிகம் இருந்தது தொண்டை. கல்லாவுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்த போனை ஒரு பார்வை பார்த்தாள். எழுந்து நடுத்தெருவுக்கு வந்தாள். "ஏய், தொட்டையன் கோயில் முக்குக்கு வந்துட்டான்! நீரு பர்த்தா இதே! தண்ணி வருது! வாங்கடி வாங்க!" என்று ஒரு சத்தம் போட்டாள். அடுத்த தெருவரைக்கும் கதவுகள் திறந்தன. குடங்களோடு பெண்கள் இறங்கி வந்தார்கள்.

தாரணிக்குப் புரிந்துவிட்டது. ஒருத்தி திறந்து பார்க்கிறாள், ஊரே குடத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறது. செயலி வேலை செய்கிறது, எண்தான் வேலை செய்யவில்லை. தண்ணீர் வந்து குடங்கள் நிறைகிறவரை நின்றிருந்தால் அவளுக்கு மீதியும் தெரிந்திருக்கும். ஆனால் நிற்கிற ஜாதியா அவள்? அந்த நிமிஷமே கடைக்குப் போய்விட்டாள்.

"கௌரக்கா, ஒரு உதவி. பெங்களூர்ல இருந்து ஆளுங்க வந்துட்டுப் போறவரைக்கும் நீங்க கூப்பிடாம இருக்கணும்."

"ஏன் கண்ணு? கத்தறது யாருக்காச்சும் எடைஞ்சலா இருக்குதா?"

"அப்படியெல்லாம் இல்லக்கா. நீங்க கூப்பிட்டா யாரும் போனைத் திறக்கறதில்லை. திறக்காட்டி இந்தத் திட்டத்தையே மூடிருவாங்க. என் வேலையும் போயிரும். அவங்கவங்க போன்லதான் வருதே, உங்களுக்கும் தொண்டை மிச்சம்."

கௌரம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கொஞ்சம் முகம் சுண்டியது. "ஆகட்டும். வடிவு மக கேட்டா மாட்டேன்னா சொல்லப்போறேன்?" என்று சொல்லிவிட்டு வெற்றிலைக்குத் தண்ணீர் தெளிக்கப் போனாள்.

எண் எழுந்து உட்கார்ந்தது. அடுத்த தண்ணீர் நாளில் இரட்டித்தது. அதற்கடுத்த நாளில் வரைபடத்துக் கோடு பட்டம் மாதிரி மேலே போனது. தண்ணீர் இல்லாத நாளில்கூடச் சிலர் திறந்து பார்த்தார்கள். தாரணிக்குத் தலைகால் புரியவில்லை. ஆனாலும் அமைதி வந்ததா என்றால் வரவில்லை. முன்பு எண் ஏறவில்லையே என்று பார்த்தாள், இப்போது இறங்கிவிடுமோ என்று பார்த்தாள். காலையில் வெளிச்சம் வந்ததும் கிளம்பிப் போய், விளக்கு வைத்த பிறகு வந்து, தட்டில் இருப்பது என்னவென்று தெரியாமல் தின்றாள். அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தபோதெல்லாம் "ரெண்டு நிமிஷம்மா" என்றாள். அந்த ரெண்டு நிமிஷம் வரவே இல்லை.

பெங்களூர்க்காரர்கள் வந்தார்கள். சந்துரு என்கிற பெரியவர் திரையில் ஏறிப் போகிற கோட்டைப் பார்த்து மயங்கிவிட்டார். "கடைசியில இவ்வளவு ஏற்றம் எப்படி வந்துச்சு?" என்று கேட்டார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்களே, தாரணி அன்று அப்படித்தான் கத்தினாள். கௌரம்மாவைக் கண்டுபிடித்ததையும் வாயை மூடச் சொன்னதையும் கதையாகவே சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். கை தட்டினார்கள். "பிரமாதம்! சாமராஜநகர்ல இதையே முதல் வேலையா வெச்சுக்கலாம். ஒவ்வொரு தெருவிலயும் கூப்பிடற ஆளு யாருன்னு கண்டுபிடிச்சு முதல்ல நிறுத்திடணும்" என்றார் சந்துரு. கிரண் அதைத் திட்டத்தில் முதல் வரியாக எழுதிக்கொண்டான்.

அன்று மத்தியானமே வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். இனிப்புப் பெட்டியோடு சந்துக்குள் நுழைந்தாள். தண்ணீர் நாள், இன்னும் தண்ணீர் வரவில்லை. வீட்டு வாசல்படியில் வடிவு உட்கார்ந்திருந்தாள். ஊதுவத்தி ஃபாக்டரியில் கட்டு கட்டிக்கொண்டிருக்க வேண்டிய நேரம். மடியில் போன். தொட்டுப் பார்த்தாள். கீழே வைத்தாள். குழாயைப் பார்த்தாள். மறுபடி எடுத்துத் தொட்டாள்.

"அம்மா, வேலைக்குப் போகலையா? உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கென்ன. தண்ணி நாளுக்கெல்லாம் போறதில்ல அம்மிணி, கொஞ்ச நாளா."

"ஏன்? போன்லதான் தெரியுமே!"

"தெரிஞ்சு? ஃபாக்டரில இருந்து பறந்து வரவா? முன்னெல்லாம் கொடத்த வரிசைல வெச்சுட்டுப் போயிருவேன். கௌரி கூப்பிடுவா, எல்லாரும் வருவாங்க. யாரோ ஒருத்தி என் கொடத்தயும் பிடிச்சு வாசல்ல வெச்சிருவா. இப்ப ஒவ்வொருத்தியும் அவ அவ கொடத்தப் பிடிச்சுட்டு ஓடறா. மூணு நாள் காலிக் கொடத்தத்தான் பார்த்தேன். அப்புறம் நானே உக்காந்துட்டேன். தொட்டையன் சில நாள் பொத்தான அமுக்க மறந்தர்றான். அதான் பாத்துகிட்டே இருக்கறேன். நிம்மதியா ஒரு வேலை ஓடறதில்ல."

"என்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்ல வந்தேன். நீயே பரீட்சைக்குப் போற மாதிரி இருந்த."

சொல்லிக்கொண்டே வடிவு இன்னொரு தடவை போனைத் தொட்டாள். தாரணியின் கையிலிருந்த போனில் எண்ணிக்கை ஒன்று கூடியது.

தாரணி எதிர் வாசலைப் பார்த்தாள். அங்கேயும் ஒருத்தி போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் திரையில் போட்டுக் கைதட்டு வாங்கிய ஏற்றம் முழுக்க இந்த வாசல்படிகளில் உட்கார்ந்திருந்தது. தன்னைப் பிடித்தாட்டுகிற பேயைத் தெரு முழுக்க ஏவிவிட்டோம் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. இருபத்தெட்டு வயதுவரை அந்த வீட்டில் குளித்திருக்கிறாள், குடித்திருக்கிறாள். அம்மா வேலையில் இருக்கும்போது குடம் எப்படி நிறைகிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. வெட்கத்தில் அழுகையே வந்துவிட்டது.

கடைக்கு ஓடினாள். "கௌரக்கா, இன்னிக்கே கூப்பிட ஆரம்பிச்சுருங்க."

கௌரம்மா உடனே எழுந்துவிடவில்லை. அவளுக்கும் கொஞ்சம் கோபம் இருந்தது, அதை அவள் மறைக்கவும் இல்லை. "நிறுத்துன்னா நிறுத்தணும், கத்துன்னா கத்தணும். நான் என்ன ரேடியோவா?" என்றாள். பிறகு இறங்கி வந்தாள். "கூப்பிடறேன் கண்ணு. ஆனா கூப்பிடறது பெரிசில்ல. கூப்பிட்டா எல்லாரும் ஒண்ணா வருவாங்க. ஒண்ணா நின்னா, இல்லாதவ கொடத்த விட்டுட்டுப் போக வெக்கமா இருக்கும். இப்பத் தனித்தனியா வந்து பழகிட்டாங்க. தனியா வர்றவளுக்கு யாருகிட்ட வெக்கம்?"

தாரணி கடை வாசலிலேயே நின்று கிரணுக்குப் போன் போட்டாள். "கிரண், அந்த எண் தப்பு. சாமராஜநகர் பிளான்ல முதல் வரியை எடுத்துடுங்க."

"ஏனு ஹேள்தா இத்தீயா? என்ன சொல்றே? காலையில நீதானே பிரசன்ட் பண்ண? எண் சரிதான், நானும் செக் பண்ணேன்."

"எண்ணினது சரி. எண்ணினதுல பாதி எங்கம்மா. பயந்துபோய்த் திறந்து திறந்து பாக்கறாங்க. வேலைக்குப் போறதையே விட்டுட்டாங்க. இதை நானே சந்துரு சாருக்கு எழுதறேன்."

"எழுதினா ப்ராஜெக்ட் நிக்கும் தாரணி. உன்னோட ப்ராஜெக்ட்."

"தெரியும்" என்றாள். உட்கார்ந்து யோசித்தால் மனசு மாறிவிடும் என்று பயந்து, நின்றுகொண்டே எழுதி அனுப்பினாள். முடிவு சொல்ல நாளாகும் என்று சந்துருவிடமிருந்து ஒரு வரி வந்தது. சாமராஜநகர் தள்ளிப்போனது.

அடுத்த தண்ணீர் நாளில் வடிவை வற்புறுத்தி வேலைக்கு அனுப்பிவிட்டு, தாரணி லீவு போட்டுக் குழாயடியில் நின்றாள். கௌரம்மா சொன்ன சொல் தவறாமல் கூப்பிட்டாள். சில கதவுகள் திறந்தன. மற்றவர்கள் ஏற்கெனவே வந்து, தங்கள் குடத்தின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஆள் இல்லாத குடங்கள் வரிசையிலிருந்து தள்ளப்பட்டுச் சாக்கடை ஓரம் கிடந்தன. தாரணி தன் முறை வந்ததும் அம்மாவின் குடத்தைப் பிடித்தாள். அப்புறம் போய் ஓரத்தில் கிடந்த ஒரு சிவப்புக் குடத்தை எடுத்து வந்தாள். சந்துக் கடைசி வீட்டு மல்லம்மாவின் குடம். அவள் கோயிலில் கூட்டிப் பெருக்கப் போயிருந்தாள். பின்னாலிருந்தவள் முணுமுணுத்தாள். காதில் விழாத மாதிரி தாரணி அதைக் குழாய்க்கு அடியில் வைத்தாள்.

குடம் கழுத்துவரை வந்தபோது மல்லம்மா விளக்குமாறும் கையுமாக மூச்சிரைக்க ஓடி வந்தாள். வந்த வேகத்தில் குடத்தை வெடுக்கென்று இழுத்தாள். பாதித் தண்ணீர் தாரணியின் காலில் கொட்டியது.

"ஏய், என் கொடத்த எதுக்கம்மா எடுத்தே?"

"உங்களுக்காகத்தான் பிடிச்சேன்."

மல்லம்மா நம்பவில்லை. குடத்தை இடுப்பில் இறுக்கிக்கொண்டு அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"எனக்கு நீ எதுக்குப் பிடிக்கணும்?"

கொஞ்ச நாளைக்கு முன்னால்வரை அந்தச் சந்தில் யாரும் யாரையும் கேட்டிராத கேள்வி அது.